தாம்பத்தியமும் பராமரிப்பும்: முதியவர்களின் பாலியல் நலத்தை ஆய்வில் எப்படிக் கேட்பது?

#1 – மூன்றாமாண்டு_ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். சமூகப் பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நோயுற்ற துணையை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளும், அறுபது வயதைக் கடந்த கணவர்களையும் மனைவியரையும் நேரில் சந்தித்து, பராமரிப்பு தொடங்கிய பிறகு அவர்களுடைய நெருக்கமும் பாலியல் நலமும் என்ன ஆயின என்று கேட்பதே என் திட்டம்.

நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தை இரண்டு காரணங்களைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த வயதினரிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டால் அவர்கள் மனம் புண்படும் என்பது ஒன்று. நோயுற்ற துணை இசைவு தெரிவிக்க இயலாத நிலையில் இருக்கலாம் என்பது மற்றொன்று. என் நெறியாளர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொல்கிறார்: "பாலியல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "உறவின் தரம்" என்று மாற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாலியல் நலம் என்பது நோயோ குறைபாடோ இல்லாத நிலை மட்டுமல்ல, பாலியல் தொடர்பான உடல், உணர்வு, மன, சமூக நலம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை சொல்கிறது. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை.

பராமரிப்பாளரின் சுமையை அளக்க 1980இல் ஸ்டீவன் ஜாரிட்டும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய வினாத்தொகுப்பை மீண்டும் எடுத்துப் படித்தேன். இப்போது பரவலாகப் பயன்படும் 22 கேள்விகள் கொண்ட வடிவம் நேரம், பணம், உடல்நலம், கோபம், அந்தரங்கம் குறைவது, நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில் உள்ள சங்கடம் ஆகிய எல்லாவற்றையும் கேட்கிறது. கவனிக்கப்படுபவர் கவனிப்பவரின் கணவராகவோ மனைவியாகவோ இருந்தால் அவர்களுக்கிடையே இருந்த தாம்பத்தியம் என்னவாயிற்று என்று ஒரு கேள்விகூட இல்லை.

சொல்லை மாற்றி அனுமதி வாங்குவதா, வாதாடிப் பார்ப்பதா? வாதாடுவதானால் எதை வைத்து வாதாடுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

#2 – எண்கணக்கர்

முதல் காரணத்துக்கான பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையிலான 3,005 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு தேசிய ஆய்வின் முடிவுகள் 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தன. முந்தைய 12 மாதங்களில் துணையுடன் பாலுறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 57–64 வயதினரில் 73 விழுக்காடு, 65–74 வயதினரில் 53 விழுக்காடு, 75–85 வயதினரில் 26 விழுக்காடு. குழுவினரிடம் நான் அழுத்திக் காட்ட நினைப்பது இந்த எண்களை அல்ல. ஐம்பது வயதுக்குப் பிறகு மருத்துவர் ஒருவரிடம் பாலியல் பற்றிப் பேசியதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 38 விழுக்காட்டினர், பெண்களில் 22 விழுக்காட்டினர் மட்டுமே. ஆய்வாளரிடம் வாய்திறந்த அதே மனிதர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் பேசியிருக்கவில்லை. கேள்வி புண்படுத்துகிறது என்ற முடிவுக்கு வருமுன், கேள்வி கேட்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

நம்முடைய தரவுகளே வயதை வைத்து மனிதரை வெட்டிவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல நாடுகளில் நடத்தப்படும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள் பெண்களை 15 முதல் 49 வயது வரை மட்டுமே நேர்காணும். மகப்பேற்றை அளக்கப் பிறந்த கருவி என்பதால், மகப்பேறு முடியும் வயதில் அதற்குப் பெண்ணும் முடிந்துவிடுகிறாள். பிரிட்டனின் தேசியப் பாலியல் ஆய்வு முதல் சுற்றில் 59 வயதோடு நின்றது. இரண்டாம் சுற்றில் 44 வயதுக்கே இறங்கியது. மூன்றாம் சுற்றில்தான், அதாவது 2010–12இல், 74 வரை போனது.

பராமரிப்பைப் பொறுத்தவரை நாம் மணி நேரத்தைத்தான் எண்ணி வந்திருக்கிறோம். ஊதியமற்ற பராமரிப்பு வேலைக்கு உலகில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்றும், அதில் 76.2 விழுக்காட்டைப் பெண்கள் செய்கிறார்கள் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. மிகப் பயனுள்ள கணக்கு. ஆனால் அந்த மணிநேரங்களுக்குள் குளிப்பாட்டுவதும் துடைத்துவிடுவதும் அடங்கியிருக்கின்றன. அந்த உடல் ஒரு காலத்தில் யாருடைய உடலாக இருந்தது என்பது அடங்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: நான் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வு தங்கள் வீடுகளில் வாழ்பவர்களை மட்டுமே சந்தித்தது. பராமரிப்பு இல்லங்களுக்கு அந்த விழுக்காடுகளைப் பொருத்திவிடாதீர்கள்.

#3 – இரவுப்பணி_செவிலி

மருத்துவர்களும் கேட்பதில்லை, செவிலியர்களும் கேட்பதில்லை, சமூகப் பணியாளர்களும் கேட்பதில்லை. நோயாளி தாமே சொல்வார் என்று நாங்கள் காத்திருக்கிறோம், நாங்கள் கேட்போம் என்று நோயாளி காத்திருக்கிறார். ஜாக் அனன் 1976இல் முன்வைத்த நான்கு படி மாதிரியை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்: பேச அனுமதி தருவது, குறைந்த அளவு தகவல் தருவது, குறிப்பான ஆலோசனை சொல்வது, தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைக்கு அனுப்புவது. என் பணிக்காலத்தில் நான் பார்த்தவர்களில் மிகப் பலருக்கு முதல் இரண்டு படிகளே போதுமானவையாக இருந்தன.

கவனிக்கும் துணைக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல்களும் அவரைச் சென்று சேர்வதில்லை. மனச்சோர்வுக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆர்வத்தையோ விறைப்பையோ குறைக்கக்கூடியவை. அதை அறியாத மனைவி, "இவருக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்வதால் ஏற்படும் வலிக்கு எளிய தீர்வுகள் உண்டு என்று தெரியாமல் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் குழாய், பொருத்தியிருப்பவருக்கும் உடலுறவு முற்றிலும் மூடப்பட்ட கதவு அல்ல. குழாயை எப்படி ஒதுக்கிப் பொருத்திக்கொள்வது என்று சொல்லித்தர முடியும், சிலருக்கு அடிவயிற்றின் வழியாகக் குழாய் பொருத்துவது பற்றியும் மருத்துவரிடம் பேசலாம். குழாயை எப்போது மாற்றுவது, பையை எப்படிக் காலி செய்வது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதித் தருகிறோம். இதை ஒரு வரியில்கூட எழுதுவதில்லை.

"உறவின் தரம்" என்று மாற்றுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லுக்கு வரும் பதில், "நன்றாக இருக்கிறோம்" என்பதாகவே இருக்கும்.

#4 – களப்பணியில்_பழையவர்

சொல்லை மாற்றவும் வேண்டாம், அந்தச் சொல்லிலிருந்து தொடங்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டிலிலிருந்து தொடங்குங்கள்.

இதைச் சற்று விளக்குகிறேன். பல ஆண்டுகளாக வீடுகளுக்குச் சென்று பராமரிப்புத் தேவையை மதிப்பிடும் வேலையைச் செய்திருக்கிறேன். எங்கள் படிவத்தில் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குச் செல்வது, இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது ஆகிய ஆறும் இருக்கும். 1963இல் சிட்னி காட்ஸ் வகுத்த பட்டியலின் வழிவந்த படிவம் அது. "இடம் மாறுவது" என்ற வரிக்கு வரும்போது கட்டிலின் உயரம், பக்கக் கம்பி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் மெத்தை ஆகியவற்றைப் பரிந்துரைப்போம். அடுத்த வாரம் ஒற்றைக் கட்டில் வந்து இறங்கும். அறையில் இரண்டு கட்டில்களுக்கு இடம் இருக்காது. பழைய இரட்டைக் கட்டிலைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், அல்லது நோயாளியின் கட்டில் முன்னறைக்குப் போய்விடும். நாற்பது ஆண்டுகள் ஒன்றாக உறங்கிய இருவரை ஒரு பரிந்துரைக் கடிதத்தின் மூலம் நான் பிரித்து வைத்திருக்கிறேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. நான் பரிந்துரைத்தது தவறான மெத்தை அல்ல. பக்கத்தில் இன்னொருவர் படுத்திருந்தார் என்பதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: "இந்தக் கட்டில் வருவதற்கு முன் நீங்கள் எங்கே உறங்கினீர்கள், இப்போது எங்கே உறங்குகிறீர்கள்?" இதைக் கேட்டதற்காக என்னிடம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சிலர் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அது அவர்கள் உரிமை. வேறு சிலர் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் பாலியல் என்ற சொல்லை அவர்களே கொண்டுவருவார்கள், அல்லது அவர்கள் வீட்டில் அதற்கு வழங்கும் சொல்லைக் கொண்டுவருவார்கள். ஆய்வாளர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு மேலே கேட்கலாம்.

#5 – சாளரம்

நான் ஆய்வாளன் அல்லன். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் பலவீனம், பேச்சு பாதிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் புரிந்துகொள்வதில் குறை இல்லை. கட்டிலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது.

எங்கள் வீட்டில் கட்டிலைவிடக் கையுறைதான் பெரிய விஷயமாக இருந்தது. அவளைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணியச் சொல்லியிருந்தார்கள், அணிந்தேன். ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்தபின் அவள் கன்னத்தைத் தொட்டேன். கையுறையைக் கழற்றியிருக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றுதான் யோசித்துப் பார்த்தேன்: பல மாதங்களாக ஏதாவது ஒரு வேலைக்காக அல்லாமல் நான் அவளைத் தொட்டதே இல்லை.

பிறகு வாரத்தில் மூன்று நாள் காலையில் குளிப்பாட்டுவதற்கு ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த மூன்று நாட்களிலும் நான் அறைக்குள் போகும்போது குளித்து முடித்த மனைவியைப் பார்க்கப் போகும் கணவனாகப் போகிறேன். மற்ற நான்கு நாட்களில் அப்படி இல்லை. உதவியாளர் எதற்கு என்று கேட்ட அலுவலரிடம் என் முதுகுவலியைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை.

#6 – களப்பணியில்_பழையவர்

> அந்த மூன்று நாட்களிலும் நான் அறைக்குள் போகும்போது…

ஐயா, நீங்கள் எழுதியது எனக்குப் பாடம். ஆனால் ஆய்வாளர் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியாள் கை தன் மேல் படக்கூடாது, துணைவரே குளிப்பாட்ட வேண்டும், அதுவே தங்களுக்கு மிஞ்சியிருக்கும் நெருக்கம் என்று சொன்ன தம்பதியரையும் சந்தித்திருக்கிறேன்.

#7 – பெயரிலி

இதைச் சொல்வதற்காகவே பெயரில்லாத கணக்கைத் தொடங்கியிருக்கிறேன்.

இந்த இழை முழுவதும் நெருக்கம் என்பது இருந்து இழந்த ஒன்றாகவே பேசப்படுகிறது. என் கணவருக்கு மறதிநோய். நோய் வருவதற்கு முந்தைய மணவாழ்வு முழுவதிலும் என் விருப்பத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நோய் வந்து, அவர் தனி அறைக்கு மாற்றப்பட்ட அன்று இரவு நான் அச்சமின்றி உறங்கினேன். சில மாதங்களுக்குப் பின் ஓர் ஆலோசகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நெருக்கத்தை இழந்தது வேதனையாக இருக்குமே" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அவர் கேட்ட விதத்தில் ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது.

இப்போது சில மாலைகளில் நான் யார் என்று தெரியாமலே என்னை நெருங்குகிறார். அது நோயின் விளைவு என்று எனக்குத் தெரியும். என் உடலுக்கு அது தெரியவில்லை. கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன், பிறகு அவர் விழுந்துவிடுவாரோ என்று திறக்கிறேன். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. பராமரிப்புச் சுமை என்று நீங்கள் அளப்பதில் இதுவும் இருக்குமா?

#8 – மூன்றாமாண்டு_ஆய்வாளர்

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் கேள்விப் பட்டியலில் நான்காவது கேள்வி "எதை இழந்ததாக உணர்கிறீர்கள்?" என்று இருந்தது. அதை இன்று அடித்துவிட்டேன்.

#9 – இரவுப்பணி_செவிலி

பெயரிலி அவர்களுக்கு: இதை அவருடைய நோயைக் கவனிக்கும் மருத்துவரிடமோ செவிலியிடமோ தயங்காமல் சொல்லுங்கள். மறதிநோயில் இத்தகைய நடத்தை அவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. எந்த நேரத்தில், எதைத் தொடர்ந்து அது நிகழ்கிறது, மருந்து மாற்றம் ஏதும் இருந்ததா என்று பார்ப்பார்கள். சிறுநீர் முட்டுவதும் வலியும் தொற்றும்கூட அமைதியின்மையாக வெளிப்படலாம். நீங்கள் பாதுகாப்பாக உறங்குவதும் சிகிச்சைத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய ஒன்றுதான். உங்கள் பெயரால் அதை வலியுறுத்திக் கேளுங்கள்.

#10 – மட்டுறுத்துநர்

கிண்டலாக எழுதப்பட்ட ஒரு பதிலை நீக்கியிருக்கிறோம். இழை தொடரலாம்.

#11 – இசைவும்_சட்டமும்

குழுவின் இரண்டாம் காரணத்துக்கு வருகிறேன். குழு மூன்று வேறு இசைவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். உடலுறவுக்கான இசைவு ஒன்று, ஆய்வில் பங்கேற்பதற்கான இசைவு மற்றொன்று, தன்னைப் பற்றி இன்னொருவர் ஆய்வாளரிடம் பேசுவதற்கான இசைவு மூன்றாவது.

முதலாவதைப் பொறுத்தவரை, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் 27ஆம் பிரிவு தெளிவானது: ஒருவருக்காக வேறு எவரும் பாலுறவுக்கு இசைவு தர முடியாது. அதே சட்டம் முடிவெடுக்கும் திறனை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. வங்கிக் கணக்கைப் பார்க்க இயலாதவர் யாரோடு உறங்குவது என்பதை முடிவுசெய்ய இயலாதவர் என்று தானாக ஆகிவிடாது. 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எதிரில் இருப்பவரும் இசைவு தெரிவிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதும் அந்தத் திறனின் ஒரு பகுதிதான் என்று தீர்ப்பளித்தது. பெயரிலி அவர்கள் எழுதிய நிலைமைக்கு அந்தத் தீர்ப்பு மிக நெருக்கமானது. கவனிப்பவரும் இசைவு தர வேண்டியவர்தான் என்பதை நம் பேச்சில் பல நேரங்களில் மறந்துவிடுகிறோம்.

இது எவ்வளவு சிக்கலாகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் ஐயோவா மாநில வழக்கு ஒன்று உண்டு. பராமரிப்பு இல்லத்தில் இருந்த, அல்சைமர் நோயுற்ற மனைவிக்கு இனி இசைவு தெரிவிக்கும் திறன் இல்லை என்று இல்லத்தினர் கணவரிடம் தெரிவித்திருந்தனர். அதன் பின்னும் உறவு கொண்டார் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அந்தக் கணவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2015இல் ஜூரி அவரை விடுவித்தது. நியூயார்க்கின் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரூ ஹோம் என்ற இல்லமோ 1995இலேயே, தங்கியிருப்போரின் பாலியல் வெளிப்பாட்டு உரிமை பற்றியும் அதில் ஊழியர்களின் பொறுப்பு பற்றியும் எழுத்தில் கொள்கை வகுத்துக்கொண்டது. எழுதி வைத்த கொள்கை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இருந்தாலும், அது இல்லாத இடத்தில் அன்றைய பணியில் இருக்கும் ஊழியரின் முகச்சுளிப்பே கொள்கையாகிவிடுகிறது.

ஆனால் உங்கள் ஆய்வில் உண்மையிலேயே இடறுவது மூன்றாவது இசைவு. கவனிக்கும் துணை உங்களிடம் பேசும்போது நோயுற்றவரின் உடலைப் பற்றிப் பேசுகிறார். நோயுற்றவர் அதற்குச் சம்மதித்தாரா? குழு இதைக் கேட்டிருந்தால் நான் குழுவின் பக்கம் நின்றிருப்பேன்.

#12 – எண்கணக்கர்

மேலே சொன்னதற்கு ஒரு செய்முறைத் துணைக்குறிப்பு. கணவன், மனைவி இருவரையும் தனித்தனியே நேர்கண்டு, இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் இணை இணையாக வெளியிட்டால் புனைபெயர் பயன்படாது. வெளியுலகத்துக்கு அவர்கள் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் தன் மேற்கோளை அடையாளம் கண்டுகொண்ட கணவருக்கு, பக்கத்தில் இருப்பது தன் மனைவியின் மேற்கோள் என்று தெரிந்துவிடும். எனவே இணைகளைப் பிரித்து, கருப்பொருள் வாரியாக எழுதுங்கள். எந்த மேற்கோளை அச்சிடலாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியே காட்டி ஒப்புதல் பெறுங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பெயரிலி அவர்கள் எழுதியதைப் போன்ற ஒரு பதில் அந்த அறையில் ஒருபோதும் வராது.

#13 – இருவரில்_ஒருவர்

"கணவன் அல்லது மனைவி" என்று மட்டும் எழுதினால் எங்களைப் போன்றவர்கள் உங்கள் ஆய்வுக்குள் வர மாட்டோம். நானும் என் இணையரும் இரண்டு பெண்கள். அவருக்குப் பார்கின்சன் நோய் வந்து வீட்டு உதவியாளர் வரத் தொடங்கிய வாரம், படுக்கையறைச் சுவரில் இருந்த எங்கள் புகைப்படத்தை எடுத்து உள்ளே வைத்தேன். என்னை அவருடைய தங்கை என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். கட்டில் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எங்களிடம் அதைக் கேட்டால், முதல் சந்திப்பில் பொய்தான் வரும். இரண்டாம் சந்திப்புக்கும் திட்டத்தில் இடம் வையுங்கள்.

#14 – மூன்றாமாண்டு_ஆய்வாளர்

பத்து நாட்களாக நீங்கள் எழுதியவற்றை வைத்து விண்ணப்பத்தைத் திருத்தியிருக்கிறேன். தலைப்பில் "பாலியல் நலம்" அப்படியே இருக்கிறது. பங்கேற்பாளர் வரையறை "ஒன்றாக வாழும் இணையர்" என்று மாறியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சந்திப்புகள், இருவரிடமும் தனித்தனியே. முதல் கேள்வி உறங்கும் இடம் பற்றியது. இரண்டாவது, "கவனிப்பு தொடங்கிய பிறகு உங்கள் இருவருக்கும் இடையில் மாறியது எது, மாறாதது எது, மாறியதில் உங்களுக்கு நல்லதாகப் பட்டது ஏதும் உண்டா?" என்பது. வன்முறையோ கட்டாயமோ வெளிப்பட்டால் எந்த அளவுக்கு இரகசியம் காக்க முடியும், எங்கே உதவி கிடைக்கும் என்பதை நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

நோயுற்றவரிடம், அவரால் புரிந்துகொள்ள முடியும் என்றால், அவரைப் பற்றித் துணை பேசலாமா என்று முதலில் கேட்பேன்; அவர் மறுத்தால் அந்த வீட்டில் ஆய்வு இல்லை. புரிந்துகொள்ள இயலாத நிலையில் இருப்பவரைப் பற்றி என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. துணையின் சொந்த அனுபவத்தை மட்டும் பதிவுசெய்து, நோயுற்றவரின் உடல் பற்றிய விவரங்களை எழுத்தாக்கத்தில் நீக்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா?

#15 – இசைவும்_சட்டமும்

இரண்டையும் எப்போதும் பிரிக்க முடியாது. "அவர் என்னை நெருங்குகிறார்" என்ற வாக்கியத்திலிருந்து அவரை நீக்கினால் என்ன மிஞ்சும்? எந்த விவரத்தை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒரு குறிப்பு வைத்திருப்பதாக விண்ணப்பத்தில் சேருங்கள். குழுவால் அதைச் சரிபார்க்க முடியும்.

#16 – சாளரம்

ஆய்வாளர் அவர்களுக்கு: அனுமதி கிடைத்தால் எங்களைச் சந்திக்கலாம். நான் முதலில் என் மனைவியிடம்தான் கேட்டேன். இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். கையுறைப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். தானும் பேசுவதாகச் சொல்கிறாள். அவளுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். ஆம், இல்லை என்று சுட்டுவதற்கு எங்களிடம் ஓர் அட்டை இருக்கிறது, சில சொற்களை இடக்கையால் எழுதுவாள். ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை.